மருந்து இலவசம், மற்றவை?

புற்றுநோய் முதியோரின் பிணி என்ற எண்ணம் எம்மவரிடையே இன்னும் வேரூன்றி நிற்கிறது. பாலகரையும் அது விட்டுவைப்பதில்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சம் சிறுவரும் இளையோரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். செல்வ நாடுகளில் அவர்களுள் 80 வீதத்துக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் 30 வீதத்தினர்கூடக் குணமடைவதில்லை. நோய் ஒன்றாயிருக்க, முடிவு வேறுபடுவதேன்? நோயைக் காலந்தாழ்த்தி அறிதல், மருந்து கிட்டாமை என்பவற்றோடு, தொடங்கிய சிகிச்சையை இடைநடுவில் கைவிடுதலும் ஒரு பெருங் காரணமாகும்.

இக்காரணத்தையே நாம் இங்கு வற்புறுத்த விரும்புகிறோம். அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. அது போற்றத்தக்க ஏற்பாடே. ஆனால் மருந்து இலவசமாயின் நோயும் செலவின்றித் தீர்ந்துவிடுமா?

சிறுவரை மிகுதியாகப் பீடிக்கும் இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள்வரை சிகிச்சை வேண்டும். வடபகுதிக் கமக்காரர் ஒருவரின் பிள்ளை அதனை மகரகமவிற் பெற நேரின், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தை எத்தனை முறை கடக்க வேண்டும்! தாய் பிள்ளையின் கட்டிலருகே. தந்தை பஸ்ஸிலும் தோட்டத்திலுமாக. வெங்காயம் கிண்டும் நாளில் ஆளில்லை. தாலிக்கொடி அடைவுக்குப் போகிறது. வீட்டிலுள்ள மற்றைப் பிள்ளைகள் அயலார் தயவில் வளர்கின்றனர். மருந்தின் கடுமையால் நோயெதிர்ப்பு வலு குன்றிய பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், தாமதமின்றி வைத்தியசாலை சேர்தல் வேண்டும். நள்ளிரவில் வாகனக் கூலிக்கு ஏழை எங்கே போவான்?

ஆகவே, அரசாங்கத்திடம் நாம் கேட்பது சலுகையன்று. சிகிச்சை முடியும்வரை பிரயாணப்படி, பெற்றோர் தங்குவதற்கு இடம், நோயுற்ற பிள்ளைக்குத் தடையற்ற கல்வி ஆகியன வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தினால் தமிழும் அரச கரும மொழியானது. அங்ஙனமிருக்க, பிள்ளையின் உயிர் பற்றிய விளக்கத்தைத் தமிழ்த் தாய் தன் மொழியிலேயே பெறுதல் அவளது உரிமையன்றோ?

எமக்கும் கடமையுண்டு. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தோர் திரட்டிய நிதி, தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழ உதவியது. மக்கள் ஒன்றுபட்டால் ஆகாததில்லை என்பதற்கு அதுவே சான்று. உத்தியோகத்தர்களும் கமக்காரர் சங்கங்களும் தத்தம் ஊரில் இத்தகைய குடும்பமொன்றைத் தாங்க முன்வரலாகாதா? இந்நோய் தொற்றுநோயன்று, அக்குடும்பத்தை ஒதுக்கி நடப்பது அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாகும்.

2030ஆம் ஆண்டளவில் நோயுற்ற சிறுவருள் 60 வீதத்தினரையாவது காப்பதென உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வகுத்தது. பஸ் கட்டணமில்லாத காரணத்தால் ஒரு பிள்ளையேனும் அக்கணக்கிலிருந்து தவறுமாயின், அப்பழி நோயினதன்று; எம் அனைவரதுமே.