தாஷ்கண்டின் மஹல்லாக்கள்: அன்று திட்டம், இன்று சந்தை

தாஷ்கண்ட் என்றதும், 1966 ஜனவரியில் அங்கு காலமான பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவார். அதே ஆண்டு ஏப்ரல் 26 அதிகாலையில் அந்நகரைப் பூகம்பம் தாக்கியது. சுமார் 3 லட்சம் பேர் வீடிழந்தனர்.

சோவியத் ஒன்றியத்தின் பல குடியரசுகளிலிருந்தும் கட்டடத் தொழிலாளர்கள் வந்து குவிந்தனர். சில ஆண்டுகளிலேயே புதிய நகரம் எழுந்தது. நிலம், பணம், சிமெண்ட் எல்லாம் அரசின் கையில் இருந்ததால்தான் அந்த வேகம் சாத்தியமானது. குடிநீர்க் குழாய், கழிவுநீர் வசதி, நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம் என அடுக்குமாடிக் குடியிருப்புகள் தந்த நன்மைகளை மறுப்பது நியாயமல்ல.

அதற்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். நாம் ஜமாஅத் எல்லையைக் குறிக்கும் 'மஹல்லா' என்ற சொல்லைத்தான் உஸ்பெக்கியரும் தங்கள் குடியிருப்புக்கு வழங்குகிறார்கள். மண்சுவர் வீடு, நடுவில் முற்றம், திராட்சைப் பந்தல், ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை. நிக்காஹ் என்றாலும் மவ்த் என்றாலும் தெருவே திரண்டு வரும். திட்ட அதிகாரிகளின் கண்ணுக்கு இதெல்லாம் பின்தங்கிய நிலையாகவே பட்டது. பழைய நகரை மாற்றும் எண்ணம் பூகம்பத்துக்கு முன்பே அவர்களிடம் இருந்தது. சிறு குடும்பத்துக்கு அளவெடுத்த அறைகளில் பெரிய குடும்பம் எப்படி வாழும் என்று யாரும் மக்களைக் கேட்கவில்லை.

1991-இல் உஸ்பெகிஸ்தான் சுதந்திரம் பெற்றது. அடுக்குமாடி வீடுகள் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாயின. ஆனால், நிலம் அரசிடமே இருந்தது. 2003-ஐ 'மஹல்லா ஆண்டு' என்று அரசு கொண்டாடியது. 2017-க்குப் பிறகோ 'தாஷ்கண்ட் சிட்டி' வணிக வளாகத்துக்காக நகர மையத்தில் இருந்த மஹல்லா வீடுகள் இடிக்கப்பட்டன. முன்பு திட்டத்தின் பெயரால் நடந்தது, இப்போது முதலீட்டின் பெயரால் நடந்தது. வீட்டுக்காரரின் சம்மதம் இரண்டு காலத்திலும் கடைசியில்தான் வந்தது.

ஒரு வேறுபாடு உண்டு. இம்முறை மக்கள் வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினர். 2023-இல் திருத்தப்பட்ட அரசியல் சாசனம், நீதிமன்றத் தீர்ப்பின்றி யாருடைய வீட்டையும் பறிக்கக் கூடாது, ஈடான இழப்பீட்டை முன்கூட்டியே தர வேண்டும் என்கிறது. எழுத்தில் இது பெரிய முன்னேற்றம். இடிக்கும் இயந்திரம் வாசலுக்கு வரும் நாளில் அந்த எழுத்துக்கு மதிப்பு இருக்கிறதா என்பதே இனி நாம் கவனிக்க வேண்டியது. இழப்பீட்டைக் கணக்கிடுவோர் சுவருக்கும் கூரைக்கும் விலை போட்டுவிடலாம். தலைமுறைகளாகப் பழகிய அண்டை வீட்டாருக்கு எந்தக் கணக்கில் விலை போடுவார்கள்?