இருபது மணி நேர டிராக்டர்

ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். தொப்பி போட்ட ஒரு பெரியவர், குட்டி டிராக்டர் மாதிரி ஒன்றின் மேல் உட்கார்ந்து ஹாயாகப் புல் வெட்டிக் கொண்டே போவார். அதற்கு 'ரைடிங் மோவர்' என்று பெயர். 1830-ல் எட்வின் பட்டிங் என்கிற இங்கிலாந்துக்காரர், துணி மில்லில் பிசிறு நறுக்கும் மெஷினைப் பார்த்துவிட்டு, 'இதையே புல்லுக்குப் பண்ணினால் என்ன?' என்று யோசித்து பேடன்ட் வாங்கினார். அந்த மெஷினைத் தள்ளிக் கொண்டே நடக்க வேண்டும். பின்னால் வந்தவர்களுக்குக் கால் வலித்திருக்கும் போல... மேலே ஒரு ஸீட்டை வைத்துவிட்டார்கள்!

நம்ம திருவதிகைக்கு இந்த வேலை ரொம்பப் பழசு. அப்பர் பெருமான் ஏழாம் நூற்றாண்டிலேயே கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கியவர். அவருடைய அக்கா திலகவதியார், வீரட்டானேசுவரர் கோயிலைப் பெருக்கி மெழுகிய ஊர் இது. உழவாரத்துக்கு டீசல் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம், ஆர்.சி. புக் வேண்டாம். பிடிக்க ஆள்தான் வேண்டும்.

சிக்கலே அங்கேதான். பண்ருட்டிப் பக்கம் அப்பா விட்டுப் போன மூன்று ஏக்கர் முந்திரித் தோப்பு. மகனுக்குச் சென்னையில் ஆபீஸ். பங்குனி, சித்திரையில் பழமும் கொட்டையுமாகத் தரையில் விழும். கீழே புல்லும் முள்ளும் மண்டியிருந்தால் பாதிக் கொட்டை கண்ணிலேயே படாது. களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. அம்மா போனில், "தோப்பு காடா கெடக்குதுப்பா..." என்கிறார். பையனுக்கு உடனே ஓர் ஐடியா: 'செகண்ட் ஹேண்ட்ல ஒரு மெஷின் வாங்கிப் போட்டா என்ன?'

வாங்கலாம் சார். அதற்கு முன்னால் கொஞ்சம் பி.காம். கணக்கு.

அந்த ரைடிங் மோவரை முதலில் மறந்துவிடுங்கள். அது வழவழப்பான புல்தரைக்கென்றே பிறந்த ஜீவன். நம் தோப்பில் கல் இருக்கும், வேர் இருக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் சாய்த்த மரத்தின் அடிக்கட்டை எந்தப் புல்லுக்குள் ஒளிந்திருக்கிறதோ, யார் கண்டது? பிளேடு அதில் போய் இடித்தால், புதுசு வாங்க எந்தக் கடைக்கு ஓடுவீர்கள்? ஆகவே இங்கே செகண்ட் ஹேண்ட் என்றால் ரோட்டவேட்டரோடு ஒரு பழைய டிராக்டர், அவ்வளவுதான்.

ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ரோட்டவேட்டரின் அகலம் ஐந்தடி என்று வைத்துக் கொண்டால், டிராக்டர் ஓட வேண்டிய தூரம் 8,712 அடி. இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்று மேலே. மரத்தைச் சுற்றி, வளைந்து, திரும்பி, நடுவில் டீ குடித்து... ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம். மூன்று ஏக்கருக்கு நாலரை. வருஷத்தில் நாலு தடவை ஓட்டினால் பதினெட்டு. தாராளமாக இருபது மணி நேரம் போடுங்கள்.

வருஷத்துக்கு எத்தனை மணி நேரம்? 8,760. மிச்ச 8,740 மணி நேரமும் உங்கள் டிராக்டர் வேப்பமரத்தடியில் தூங்கும். கோழி அதன் மேல் ஏறி உட்காரும்.

வண்டி மூன்று லட்சம் என்று வைத்துக் கொள்வோம். பத்து சதவிகித வட்டி என்றால் வருஷத்துக்கு 30,000. அதையே வாடகைக்கு எடுத்தால்? மணிக்கு 1,200 என்று வைத்தாலும், இருபது மணி நேரத்துக்கு 24,000. டீசலும் டிரைவரும் அதிலேயே அடக்கம். வட்டி மட்டுமே வாடகையைத் தாண்டிவிட்டது! டயர், பாட்டரி, தேய்மானம் எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. அரசாங்கத்தின் வேளாண்மைப் பொறியியல் துறையே டிராக்டரையும் ரோட்டவேட்டரையும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியில் பதிவு பண்ணலாம்.

அப்போ எப்பத்தான் வாங்குறது? சித்தப்பா, மச்சான், பங்காளி என்று எல்லார் நிலமும் சேர்ந்து முப்பது ஏக்கர் தேறினால் இருநூறு மணி நேரம் வேலை இருக்கும். அப்போது தைரியமாகக் கிளம்புங்கள். கொஞ்சம் உஷாராகவும்.

"வாத்தியார் வீட்டு வண்டி சார், ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வெளிய எடுப்பாரு" என்பார் புரோக்கர். தலையாட்டிவிட்டு கிளட்ச், பிரேக் பெடல்களைப் பாருங்கள். தேய்ந்து வழவழவென்று இருந்தால் வாத்தியார் வாரம் ஏழு நாளும் ஞாயிறு கொண்டாடியிருக்கிறார். மணிக்கணக்கு காட்டும் மீட்டர் எப்படியும் 'ரிப்பேர்' ஆகியிருக்கும். பெடல் பொய் சொல்லாது.

காலையில் சொல்லாமல் போங்கள். முதலில் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்குள் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணித் தயார் செய்துவிட்டார்கள். ஆறிப் போன இன்ஜின் ஒரே முறுக்கில் கிளம்புகிறதா என்பதுதான் பரீட்சை. நீலப் புகை விடாமல் வந்தால் ஆயிலைக் குடிக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று சந்தேகப்படலாம். டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.

ரோட்டவேட்டரை மேலே தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். மளமளவென்று கீழே இறங்கினால் ஹைட்ராலிக் போச்சு. அது தூக்கியிருக்கும்போது மட்டும் தயவுசெய்து அடியில் குனியாதீர்கள். வண்டியின் உயரத்தையும் பாருங்கள். முந்திரிக் கிளை தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து படரும். உயரமான வண்டி என்றால் களையோடு டிரைவர் தலையும் போகும். ரொம்ப ஆழமாகவும் ஓட்டக் கூடாது. மேலாகப் படர்ந்த வேர் அறுந்தால் மரம் கோபித்துக் கொள்ளும்.

கடைசியாகப் பேப்பர். இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப் போகிறதா? ஆர்.சி.யில் பாங்க் பேர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான ஃபாரம் 35-ம் என்.ஓ.சி.யும் கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பேர் மாற்ற ஃபாரம் 29, 30. "அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்றால், அந்த 'அப்புறம்' வரவே வராது.

மூன்றே ஏக்கர்தான், யார் நிலமும் சேராது என்றால்? தோளில் மாட்டுகிற பிரஷ் கட்டர் ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், மரத்தடியில் மண்டிக் கிடப்பதை நீங்களே வெட்டலாம். பெரிய வேலைக்கு வாடகை வண்டி. வாசலில் டிராக்டர் நின்றால் கௌரவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், அந்தக் கௌரவத்துக்கு மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தம் உண்டு.

மெஷின் சரியில்லை என்றால் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம். மெஷின் கடனை அடைக்க அப்பா வைத்த தோப்பை விற்றால், அது செகண்ட் ஹேண்டில்கூடத் திரும்பக் கிடைக்காது சார்!