தேனும் ஒரு ஸிரிஞ்சும்

இளைப்பதற்காக தினம் காலை வெந்நீரில் தேன் விட்டுக் குடிக்கிறேன். (இளைக்கவில்லை.) ஸ்பூனிலிருந்து இறங்கும் தேன் நேராக டம்ளரின் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. தண்ணீரைவிட சுமார் 1.4 மடங்கு கனம். புவியீர்ப்பு இழுத்துவிடுகிறது. இழுக்காவிட்டால்?

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. நடுவே பரப்பு இழுவிசை. தேனும் தண்ணீரும் போலக் கலக்கிற திரவங்களுக்கு இடையிலும், கலந்து முடிகிறவரை அப்படி ஒரு மெல்லிய விசை இருக்கலாம் என்று 1901-ல் எழுதினார் கோர்ட்டெவெக் என்கிற டச்சுக்காரர். இருந்தால் எப்படித் தெரியும்? குழாயை லேசாகத் திறந்தால் தண்ணீர் இழை சொட்டுச் சொட்டாக உடைகிறதல்லவா, அதேபோல் தண்ணீருக்குள் விட்ட தேன் இழையும் மணி மணியாக உடையவேண்டும். பூமியில் பார்க்கமுடியாது, அதற்குள் தேன் அடிக்குப் போய்விடும்.

விண்வெளி நிலையத்தில் பார்க்கலாம். 400 கிலோமீட்டர் உயரத்திலும் ஈர்ப்பு 90 சதவிகிதம் பாக்கி இருக்கிறது. ஆனால் நிலையம், ஆசாமி, தேன் எல்லாமே சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால் எதுவும் அடியில் தங்காது.

2003 பிப்ரவரி 1-ல் கொலம்பியா ஓடம் கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேரோடு சிதறியது. ஓடங்கள் நின்றுபோய், மேலே சாமான் அனுப்புவதே கஷ்டமானது. 'இருப்பதை வைத்துச் செய்யுங்கள்' என்றார்கள். இருந்தது தேன், தண்ணீர். பாத்திரம்? சிறுநீர் சேகரிக்கும் ஸிரிஞ்ச்! (புதுசுதான் என்று நம்புவோம்.) 2004 மார்ச்சில் மைக்கேல் ஃபோல் என்ற விண்வெளி வீரர் தண்ணீருக்குள் தேனைச் செலுத்திப் பார்த்தார்.

இழை உடையவே இல்லை.

'ஃபெயில்' என்று ஃபைலை மூடியிருக்கலாம். பரிசோதனையை வடிவமைத்த ஜான் போஜ்மன் குழு மூடவில்லை. திரவ ஓட்டச் சமன்பாடுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, விசை இவ்வளவு இருந்தால் இழை என்ன ஆகும் என்று மாற்றி மாற்றிக் கணக்கிட்டார்கள். இன்ன அளவுக்கு மேல் இருந்தால் உடைந்தே தீரவேண்டும். உடையவில்லை. ஆகவே விசை அந்த அளவுக்குக் கீழேதான்! பக்கத்து வீட்டில் சத்தம் இல்லாததை வைத்து மாமியார் ஊருக்குப் போயிருக்கிறார் என்று கண்டுபிடிக்கிற மாதிரி.

ஆபீஸில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று நான் ரிப்போர்ட் எழுதினால் மெமோதான் வரும். இவர்கள் அதையே ஒரு எண்ணாக எழுதிவிட்டார்கள்.

நாளை எடை மெஷினில் முள் நகராவிட்டால் நானும் அப்படித்தான் சொல்லப்போகிறேன்: தேனுக்கு இளைக்க வைக்கும் சக்தி உண்டு, இன்ன அளவுக்குக் கீழே!