இடைவழியில் ஓர் இரவு: படுக்கை கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

“நடுவுல ஒன்பது மணி நேரம் இருக்கு. ராத்திரி எங்கே படுக்கிறது?”

சிங்கப்பூரில் வாழும் தமிழர்களில் இந்தக் கேள்வியைத் தொலைபேசியில் கேட்டிராதவர்கள் குறைவு. திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ புறப்பட்டு, சாங்கியில் விமானம் மாறி, சிட்னிக்கோ பெர்த்துக்கோ மகள் வீட்டுக்குச் செல்லும் பெற்றோர். கோலாலம்பூர் வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ மலிவு விலைப் பயணச்சீட்டு தேடிப்பிடித்த மாணவர். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்.

நம்மில் பலர் உடனே சொல்லும் பதில்: “சைனாடவுனில் சின்னச் சின்னப் பெட்டி அறை இருக்கு, மலிவாகக் கிடைக்கும், வந்து படுத்துட்டுப் போங்க.” நல்லெண்ணத்தில் சொல்லும் பதில்தான். ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தும் என்பதை முடிவு செய்வது அறையின் விலையல்ல, கடப்பிதழ்.

சாங்கியில் இருவகைப் படுக்கைகள்

சாங்கி விமான நிலையம் 2024ல் 67.7 மில்லியன் பயணிகளைக் கையாண்டது. அவர்களில் ஒரு பகுதியினர் இங்கே வருவதற்காக வருபவர்கள் அல்லர். வேறோர் ஊருக்குப் போகும் வழியில் இறங்குபவர்கள். அவர்களுக்காகவே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சிற்றறை ஹோட்டல்கள் வந்தன. நாள் வாடகை என்ற பழைய கணக்கு அங்கில்லை. சில மணி நேரம் உறங்கி, குளித்து, கிளம்பிவிடலாம்.

இந்தச் சிற்றறை யோசனை ஜப்பானில் பிறந்தது. கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்த முதல் பெட்டி ஹோட்டல் 1979ல் ஒசாகாவில் திறக்கப்பட்டது. கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலக ஊழியர்கள்தான் அதன் முக்கிய வாடிக்கையாளர்கள். 2007ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் யோட்டல் அதே சிக்கன எண்ணத்தை விமானப் பயணிகளுக்கான அறையாக மாற்றியது. 2019ல் சாங்கி ஜுவல் கட்டடம் திறக்கப்பட்டபோது அந்நிறுவனத்தின் 130 அறைகள் அங்கும் வந்தன.

இங்குதான் பயணிகள் கவனிக்க வேண்டியது உள்ளது. ஜுவல், குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. முனையங்களின் இடைவழிப் பகுதியில் உள்ள ஹோட்டல்கள் சோதனைக்கு உள்ளே இருக்கின்றன. உள்ளே இருப்பதில் தங்க விசா தேவையில்லை. அடுத்த விமானத்துக்கான சீட்டு இருந்தால் போதும். வெளியே இருப்பதில் தங்க, முறைப்படி சிங்கப்பூருக்குள் நுழைந்தாக வேண்டும். இணையத்தில் அறை தேடும்போது இரண்டுமே ‘சாங்கி விமான நிலைய ஹோட்டல்’ என்றுதான் தெரியும். பணம் கட்டிய பிறகு வேறுபாடு தெரிந்து பயனில்லை.

ஒரே வரிசை, மூன்று விதிகள்

இலங்கைக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்குச் சிங்கப்பூரில் குறுகிய காலத் தங்கலுக்கு விசா தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் தமிழர், மற்ற நுழைவு நிபந்தனைகள் நிறைவேறினால், சைனாடவுனில் இரவைக் கழித்துவிட்டுத் திரும்பலாம்.

அவருக்குப் பின்னால் நிற்கும் தஞ்சாவூர்க்காரருக்கு விசா வேண்டும். ஆனால் அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார், அந்நாட்டின் செல்லுபடியாகும் விசா கையில் இருக்கிறது என்றால், 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் தங்கும் இடைவழிச் சலுகையைப் பெற அவர் தகுதி பெறலாம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஜப்பான், நியூசிலாந்து ஆகிய நாடுகளின் விசாவுக்கும் இச்சலுகை உண்டு. அந்த விசா குறைந்தது ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்; 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதிசெய்யப்பட்ட பயணச்சீட்டும் வேண்டும். ஆனாலும் அனுமதி தானாகக் கிடைத்துவிடாது. இறுதி முடிவு குடிநுழைவு அதிகாரியுடையது.

மூன்றாமவரும் தஞ்சாவூர்க்காரர்தான். அவர் போவது இந்தோனீசியாவுக்கோ வியட்னாமுக்கோ. மேற்சொன்ன எந்த நாட்டு விசாவும் அவரிடம் இல்லை. முன்கூட்டியே சிங்கப்பூர் விசா எடுக்காவிட்டால் அவருக்குச் சைனாடவுனும் இல்லை, ஜுவலும் இல்லை. சோதனைக்கு உள்ளே அறை கிடைத்தால் படுக்கலாம். இல்லையென்றால் சாய்வு நாற்காலி.

மலிவுச் சீட்டின் மறைவிலை

இதைவிடச் சிக்கலானது தனித்தனிப் பயணச்சீட்டு. ஒரே முன்பதிவில் இரு விமானங்களும் இருந்தால், பெட்டி நேராகப் போய்ச் சேரும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், மாற்று ஏற்பாடு செய்யும் பொறுப்பு பொதுவாக விமான நிறுவனத்துடையது. தனித்தனியாக வாங்கினால் இவை இரண்டும் இல்லை. பெட்டி பெரும்பாலும் குடிநுழைவுக்கு வெளியேயுள்ள பட்டையில்தான் வரும். அதை எடுக்க உள்ளே நுழைய வேண்டும். நுழைய விசா வேண்டும். விசா இல்லாதவரைப் புறப்படும் ஊரிலேயே விமானத்தில் ஏற்ற மறுக்கவும் கூடும்.

ஆக, மலிவு விலைப் பயணத்தில் மிச்சமான பணம் எங்கும் போய்விடவில்லை. ஓர் இரவின் தூக்கம், ஒரு விசாக் கட்டணம், தவறிப்போகும் விமானத்தின் அபாயம் ஆகியவை நிறுவனத்தின் கணக்கிலிருந்து பயணியின் கணக்குக்கு மாறியிருக்கின்றன. இளைஞர் அதைத் தாங்கிக்கொள்வார். முழங்கால் வலியோடும் மாத்திரைப் பையோடும் வரும் எழுபது வயது அம்மாவுக்கு அது சிறிய விஷயமல்ல.

சவுத் பிரிட்ஜ் சாலை சொல்லும் கதை

இரவுத் தங்கல் என்பது நம் சமூகத்துக்குப் புதிய சிக்கல் அன்று. சைனாடவுனின் நடுவே, சவுத் பிரிட்ஜ் சாலையில் நிற்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827ல் நாராயண பிள்ளை முன்னின்று அமைத்தது. அதன் கோபுரத்தால்தான் அருகிலுள்ள தெரு பகோடா ஸ்திரீட் ஆனது. கப்பலில் வந்திறங்கி, வேலையும் இருப்பிடமும் கிடைக்கும்வரை தவித்தவர்களுக்கு அக்கோயில் தங்க இடம் கொடுத்தது. சற்றுத் தொலைவில், மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த செட்டியார்களின் கிட்டங்கிகளில் ஆளுக்கொரு பெட்டகமும் சாய்வு மேசையும் வைக்கும் அளவு இடம்தான். இரவில் அங்கேயே பாய் விரித்தார்கள். சீனத் தொழிலாளர்களோ கடைவீடுகளின் மாடிகளைப் பலகையால் தடுத்து, சன்னல் இல்லாத அறைகளில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள்.

இன்று அதே கடைவீடுகள் சிலவற்றில் பயணிகள் பணம் கொடுத்துப் பெட்டி அறையில் படுக்கிறார்கள். அன்று வறுமையால் வந்த நெருக்கம், இன்று சில மணி நேரத் தேர்வு. ஆனால் அன்று வந்தவரைக் கோயில் விசாரித்துச் சேர்த்துக்கொண்டது. இன்று வருபவர் தானே விதிகளைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

அடுத்த முனையத்துக்கு முன்

சாங்கியின் 5ஆம் முனையக் கட்டுமானப் பணி 2025 மே 14ஆம் தேதி தொடங்கியது. 2030களின் நடுப்பகுதியில் திறக்கப்படும்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மில்லியன் பயணிகளைக் கூடுதலாகக் கையாள முடியும். இடைவழிப் பயணிகளும் பெருகுவார்கள். அப்போது எத்தனை ஹோட்டல் அறைகள் என்பதோடு, அவற்றில் எத்தனை சோதனைக்கு உள்ளே, எளிய பயணிக்குக் கட்டுப்படியாகும் விலையில் என்பதும் கேட்கப்பட வேண்டும். விசா வைத்திருப்பவருக்கு நகரமே திறந்திருக்கிறது; இல்லாதவருக்கு உள்ளே இருக்கும் சில படுக்கைகள்தான் எல்லாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது உண்டு. ஊரிலிருந்து அழைப்பு வரும்போது, அறை விலைக்கு முன் நான்கு கேள்விகள் கேட்போம். இரு விமானங்களும் ஒரே முன்பதிவா? பெட்டி கடைசி ஊர்வரை நேராகப் போகுமா? எந்த நாட்டு விசா கையில் இருக்கிறது? ஹோட்டல் சோதனைக்கு உள்ளேயா, வெளியேயா? வெளியே வருபவர்களுக்கு, வருகைக்கு மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய மின்னியல் வருகை அட்டையையும் நினைவூட்டலாம்.

சைனாடவுனுக்கே வருவதாக இருந்தால் நேரத்தைப் பாருங்கள். சாங்கியிலிருந்து எக்ஸ்போ சென்று டௌன்டவுன் பாதைக்கு மாறினால் ரயிலிலேயே வந்துவிடலாம். ஆனால் எம்ஆர்டி இரவு முழுவதும் ஓடாது. தெரிந்தவர் வீட்டு அறையை ஓர் இரவுக்கு வாடகைக்குப் பிடித்துத் தரும் யோசனையும் வேண்டாம். தனியார் வீடுகளைக் குறைந்தது மூன்று மாதத்துக்கும் வீவக வீடுகளை ஆறு மாதத்துக்கும்தான் வாடகைக்கு விட முடியும்.

நம் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உறவினரைப் படுக்கவைக்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் அவர் அந்தச் சோதனையைத் தாண்டி வர முடியுமா என்பதைச் சீட்டு வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.