பெட்டகமும் சரக்கும்

கொச்சி மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகளில் மிளகும் சுக்கும் நெடுங்காலம் மூட்டைகளாகவே ஏறி இறங்கின. 1973-இல் 'பிரெசிடென்ட் டைலர்' என்னும் கப்பல் கொச்சித் துறைமுகத்தை அடைந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் கன்டெய்னர் கப்பல் அதுவே. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2013-இல் வெளிவந்த 'டாக்கர்' என்னும் மென்பொருள் அப்பெயரையே லினக்ஸ் சர்வர்களில் பரப்பிற்று.

ஒரு செயலியையும் அதற்கு வேண்டிய துணை நிரல்களையும் ஒரே பெட்டகமாகக் கட்டிவிடுவது இம்முறை. பெட்டகங்கள் யாவும் ஒரே லினக்ஸ் கருவைப் பகிர்ந்துகொள்வதால், சாதாரணக் கணினியிலும் பள்ளிக்குரிய வலைவாசல் ஒன்றை அமைத்தல் இயலும். லினக்ஸில் பழகிய கேரள ஆசிரியர்களுக்கு இஃது அரிய காரியமன்று.

ஆயினும் உவமை ஓரிடத்தில் வழுவுகிறது. துறைமுகப் பெட்டகம் சரக்கைக் காக்கிறது. சர்வர்ப் பெட்டகமோ புதுப்பிக்குந்தோறும் நீக்கப்பட்டு, வேறொன்று அதன் இடத்தில் வைக்கப்படுவது. அதனுள் எழுதிய மாணவர் மதிப்பெண்களும் மழையளவுக் குறிப்புகளும் அதனோடு அழியும். தரவுகளை வெளியே, 'வால்யூம்' எனப்படும் தனியிடத்தில் வைக்காமல் வலைவாசலைத் திறந்துவிடுவது பொறுப்பற்ற செயல் என்றே சொல்லவேண்டும். அதுவும் போதாது, வால்யூமும் பெரும்பாலும் அதே கணினியின் வட்டில்தான் இருக்கிறது. நாள்தோறும் தரவுகளின் நகலை வேறொரு கணினிக்கு எடுத்துவைத்து, பருவத்துக்கு ஒருமுறையேனும் அந்நகலிலிருந்து வலைவாசலை மீண்டும் எழுப்பிப் பார்த்தல் வேண்டும்.