வேக வரிசை யாருக்கு?

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை நாலு, கணிப்பொறியின் எதிர்காலம் ஒன்று, "இளைஞனே எழுந்து வா" ஒன்று... இவையெல்லாம் எப்படியும் வந்துவிடும். நான் எழுதப் போவது விமான நிலையத்து வரிசையைப் பற்றி. "பஸ் பாஸில் காலேஜ் வர்றவன் பிளேனைப் பத்தி எழுதுறான் பாரு" என்று சிரிக்காதீர்கள். நான் விமானம் ஏறியதில்லை, உண்மை. ஆனால் நம் வகுப்பில் யார் வீட்டில் துபாய், சவூதி, சிங்கப்பூர் என்று ஒருத்தராவது இல்லை? வழியனுப்பப் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று உள்ளே எட்டிப் பார்த்துப் பார்த்தே அந்த வரிசை நமக்கு மனப்பாடம்.

அந்த வரிசையைச் சுருக்க இப்போது உலகமெங்கும் ஏற்பாடுகள் வந்துவிட்டன. முன்கூட்டியே சோதித்து முடித்துவிடுவது ஒன்று. "இவர் நம்பிக்கையானவர்" என்று பதிவு செய்து தனிவழி விடுவது இன்னொன்று.

முதலாவதை மெக்கானிக்கல் பாஷையில் சொன்னால் சட்டென்று விளங்கும். ஒரு கம்பெனி வெளியே உதிரிபாகம் ஆர்டர் கொடுக்கிறது. சரக்கு வந்து இறங்கியபின் ஒவ்வொன்றாகக் கேஜ் வைத்துப் பார்த்தால் ஸ்டோர்ஸ் வாசலில் லாரி நின்றுகொண்டே இருக்கும். அதனால் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் சப்ளையர் பட்டறைக்கே போய், அங்கேயே அளந்து, முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறார். இங்கே வந்ததும் நேராக அசெம்பிளிக்குப் போக வேண்டியதுதான்.

அமெரிக்கா மனிதர்களுக்கு இதையே செய்கிறது. அயர்லாந்தின் டப்ளின், ஷானன் நிலையங்களில் அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் அதிகாரிகளே சீருடையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பாஸ்போர்ட், விசா, சுங்கம் எல்லாம் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும். நியூயார்க்கில் இறங்கினால் உள்ளூர்ப் பயணி மாதிரி பெட்டியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். 1952-இல் கனடாவின் டொராண்டோவில் ஆரம்பித்த வழக்கம். ஷானனுக்கு 1986-இல் வந்தது. 2014 ஜனவரியில் அபுதாபிக்கும் வந்தது. அப்போது அமெரிக்க விமான நிறுவனங்கள் பெரிய கூச்சல் போட்டன. ஏனென்றால் அந்த வழித்தடத்தில் அவர்கள் விமானமே பறக்கவில்லை. லாபம் முழுக்க அடுத்தவனுக்கு! வரிசை சுருங்குவது என்பது காசு, நண்பர்களே. இல்லாவிட்டால் யாராவது சண்டை போடுவார்களா?

இரண்டாவது வகைக்கு 'குளோபல் என்ட்ரி' என்று பெயர். 2008-இல் தொடங்கியது. கட்டணம் கட்டி, பின்னணி விசாரணைக்கும் நேர்காணலுக்கும் உட்பட்டுத் தேறினால் ஐந்து வருடத்துக்கு அமெரிக்காவில் இறங்கியதும் தனிவழி. 2017 முதல் இந்தியர்களும் சேரலாம். 2024 அக்டோபரிலிருந்து கட்டணம் 120 டாலர். நம் கணக்கில் பத்தாயிரம் ரூபாயைத் தொடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2001 டிசம்பரில் ஒருவன் செருப்புக்குள் வெடிமருந்து வைத்து விமானம் ஏறினான். அதை வைத்து 2006 முதல் அமெரிக்காவில் எல்லோரும் காலணியைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்றாயிற்று. 2011-இல் ஒரு தனி வரிசை வந்தது. முன்பதிவு செய்து விசாரணையில் தேறியவர்கள் ஷூவோடே போகலாம்! கடைசியில் 2025 ஜூலையில் "யாரும் கழற்ற வேண்டாம்" என்றே சொல்லிவிட்டார்கள். ஆக, பதினாலு வருடம் தனி வரிசைக்காரன் ஷூ போட்டு நடந்தான், மற்றவன் சாக்ஸோடு நின்றான். நம்பிக்கைக்கும் விலைச்சீட்டு ஒட்டலாம் என்று இதைப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கேயும் 'நம்பகமான பயணி' திட்டம் வந்துவிட்டது. 2024 ஜூனில் டில்லியில் ஆரம்பம். 2025 ஜனவரியில் சென்னை உள்பட ஏழு நிலையங்கள். 2025 செப்டம்பரில் நம்ம திருச்சியோடு சேர்த்து இன்னும் ஐந்து. இணையத்தில் விண்ணப்பித்து, கைரேகையும் முகப்படமும் ஒருமுறை கொடுத்துவிட்டால் இமிக்ரேஷனில் தானியங்கிக் கதவு திறக்கும். ஐந்து வருடம், அல்லது பாஸ்போர்ட் முடியும்வரை, எது முந்தியதோ அதுவரை செல்லும். நம் குடிமக்களுக்குக் கட்டணம் கிடையாது. இதை மனதாரப் பாராட்டுகிறேன். 120 டாலர் கேட்காமல் இலவசமாகக் கொடுத்தது நல்ல காரியம்தான்.

என் கேள்வி வேறு. அந்தக் கதவுக்கு முன்னால் யார் நிற்கப் போகிறார்கள்?

சென்னைக்காரனிடம் ஈ.சி.ஆர். என்றால் மகாபலிபுரம் போகிற ரோட்டைச் சொல்லுவான். எங்க ஊரில் ஈ.சி.ஆர். என்றால் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருக்கிற வாசகம். பத்தாம் வகுப்பு தேறாதவன் வளைகுடா நாடுகள், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வாங்கியாக வேண்டும். 1983-இல் வந்த சட்டம்.

எங்கப்பா கம்பி கட்டுற தொழிலாளி. எட்டாவதோடு படிப்பு முடிந்தது. சவூதியில் இரண்டு வருஷம், கத்தாரில் நாலு வருஷம். அவர் ஒருமுறை புறப்படுவதற்கு முன் நடப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். வேலை கொடுக்கிற முதலாளி யார் என்று அரசாங்கத்தின் இணையப் பதிவேட்டில் ஏற வேண்டும். சம்பளம் எவ்வளவு, சாப்பாடு யாருடையது, எத்தனை வருடம் என்று ஒப்பந்தம் ஏற வேண்டும். ஏஜென்ட் லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும். பத்து லட்சம் ரூபாய்க்கு இன்சூரன்ஸ். இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய். விசாவைப் பார்க்கிறார்கள், பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள். இத்தனையும் பார்த்துத்தான் அனுமதி. அந்த அனுமதி விமான நிலையத்து இமிக்ரேஷன் கம்ப்யூட்டருக்கும் போய்விடுகிறது.

இப்போது சொல்லுங்கள். பெங்களூரில் இருந்து மாநாட்டுக்குப் போகிற ஒரு மானேஜரைப் பற்றி அரசாங்கத்துக்கு இவ்வளவு தெரியுமா? அவர் எங்கே தங்குகிறார், யார் சம்பளம் கொடுக்கிறார், எப்போது திரும்புகிறார் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? எங்கப்பாவைப் பற்றித் தெரிந்ததில் கால்வாசிகூடத் தெரியாது. ஆனால் கதவு அவருக்குத் திறக்கிறது. எங்கப்பாவின் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கினால் முதல் பக்கத்தைவிடக் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறார்கள். "அந்தப் பக்கம் நில்லு" என்று ஒரு நிலையத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, அவருக்குப் பின்னால் வந்த ஒன்பது பேரை அனுப்பினார்களாம். எண்ணிக்கொண்டே நின்றிருக்கிறார். "சட்டுனு முடிஞ்சிரும்னு நெனச்சேன்டா, பிளேன் போயிருமோன்னு வயித்தைக் கலக்கிருச்சு" என்றார். அனுமதி முந்தின வாரமே கைக்கு வந்தாயிற்று. கடைசியில் அதே தாளைத்தான் பார்த்தார்கள், அதே முத்திரையைத்தான் குத்தினார்கள்.

முன்கூட்டியே சோதனை முடித்த மனிதன் என்று இந்த நாட்டில் ஒருவன் உண்டென்றால், அவன் ஈ.சி.ஆர். தொழிலாளிதான். சப்ளையர் பட்டறையிலேயே கேஜ் வைத்துப் பாஸ் செய்த உருப்படி அவன். அவனையே மறுபடி வாசலில் நிறுத்தி அளக்கிறோம்!

"தம்பி, அந்தச் சோதனை சந்தேகத்தால் இல்லை, உங்களைக் காப்பாற்றத்தான்" என்று நம் ஆசிரியர் ஒருவர் சொன்னார். நியாயமான வாதம். டூரிஸ்ட் விசாவில் ஆளை ஏற்றிவிட்டுக் காணாமல் போகிற ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கென்று போய் மாட்டிக்கொண்டு அழுத அக்காக்கள் கதை நம் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களை வாசலில் தடுத்து நிறுத்திக் கேட்டால் அது புண்ணியம். அந்தக் கேள்வியை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அனுமதி வாங்காமல் போகிறவரைத் தடுக்கத்தானே அந்தக் கேள்வி? வாங்கியவரை ஏன் அதே குவியலில் போட வேண்டும்? அனுமதி கொடுக்கும் அன்றைக்கே கைரேகையையும் முகப்படத்தையும் வாங்கி, நம்பகமான பயணியாகச் சேர்த்துவிட்டால் என்ன? ஒப்பந்தக் காலம் முடியும்வரை மட்டும் செல்லட்டும். அனுமதி இல்லாதவருக்குக் கதவு தானாகவே திறக்காது. அவரை உட்கார வைத்து நிதானமாக விசாரிக்க அதிகாரிக்கும் நேரம் கிடைக்கும்.

இதெல்லாம் ஆகாத காரியம் என்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கட்டும். அங்கே ஒர்க் பர்மிட்டில் இருக்கிற நம்ம புதுக்கோட்டை, தஞ்சாவூர் கட்டட வேலைக்காரர்கள் சாங்கி விமான நிலையத்தில் தானியங்கி வாயிலில் போகலாம். அந்த நாட்டுக் குடிமகன் போகிற மாதிரியே முகத்தையும் கண்ணையும் காட்டி வெளியே வரலாம். பர்மிட் கொடுக்கும்போதே ரேகை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் சங்கதி. என்ன படித்தாய் என்று அந்தக் கதவு கேட்பதில்லை. வேற்று நாட்டான் கதவு திறந்து விடுகிறான். சொந்த ஊர் வந்து இறங்கினால் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு நீள வரிசை. சுங்கத்திலும் பச்சை வழி என்று ஒன்று இருக்கிறது, வரி கட்ட வேண்டிய பொருள் இல்லாதவர் நேரே போகலாம். அந்தக் கயிறு கட்டிய பெட்டியைப் பார்த்ததும் "இங்க வாப்பா" என்று கூப்பிடுகிறார்கள். உள்ளே இருப்பது போர்வை, பால் பவுடர், கோடாலித் தைலம்!

2018 ஜனவரியில் இன்னொரு யோசனை வந்தது நினைவிருக்கிறதா? ஈ.சி.ஆர்.காரர்களுக்கு ஆரஞ்சு வண்ண அட்டை போட்ட பாஸ்போர்ட் கொடுப்பதாம். மற்றவர்களுக்குப் பழைய நீலமே. படிக்காதவன் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாக்கும்! கேரளத்தில் இருந்தும் மற்ற இடங்களில் இருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. அந்த மாதமே கைவிட்டார்கள். நிறம் போயிற்று. ஆனால் கடைசிப் பக்கத்து வாசகம் அப்படியேதான் இருக்கிறது.

நம்மைப் பொறுத்தவரை அந்த வாசகம் நம் பாஸ்போர்ட்டில் வராது. பத்தாவது தேறினாலே போதும். விதிவிலக்குப் பட்டியலில் மூன்று வருட பாலிடெக்னிக் டிப்ளமாவும் தனியாகவே இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் என்னவோ போலவும் இருந்தது. எங்கப்பா கட்டிய கம்பியில்தான் என் பீஸ் வந்தது. நாளைக்கே நான் தோஹா போனால் எனக்கு ஒரு வழி, அவருக்கு ஒரு வழி.

அதே பட்டியலை முழுசாகப் படித்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. 50 வயது தாண்டியவர்களுக்கு ஈ.சி.ஆர். வேண்டாம். வருமான வரி கட்டுகிறவர்களுக்கு வேண்டாம். வெளிநாட்டில் மொத்தம் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு வேண்டாம். தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, விட்டுவிட்டு இருந்தாலும் கணக்கில் சேரும். அவர்களின் மனைவிக்கோ கணவருக்கோ கூட வேண்டாம்! ஆறு வருடம் இருந்த எங்கப்பாவிடம் இதை எந்த ஏஜென்ட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவர்களுக்கு ஒரு பைல் குறையுமே.

ஆகவே நண்பர்களே, இந்த மலரை மூடி வைத்ததும் வீட்டில் ஒரு வேலை பாருங்கள். அப்பா, அண்ணன், சித்தப்பா யார் பாஸ்போர்ட் இருந்தாலும் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். வாசகம் இருந்தால், உள்ளே குத்தியிருக்கிற வரவு-புறப்பாடு முத்திரைகளைத் தேதி பார்த்துக் கூட்டுங்கள். நம் வகுப்பில் கால்குலேட்டர் இல்லாதவன் யார்? மூன்று வருடத்தைத் தாண்டினால் அந்த வாசகத்தை நீக்கச் சொல்லிப் பாஸ்போர்ட் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பம் போடலாம். அதற்கு ஏஜென்ட் வேண்டாம். பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் நாமே நிரப்பலாம். அப்படியே அந்த நம்பகமான பயணி விண்ணப்பத்தையும் பார்த்து வையுங்கள்.

எங்கப்பா வருகிற பொங்கலுக்கு வருகிறார். சவூதி முத்திரை, கத்தார் முத்திரை எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தை இப்போதே தயார் செய்துகொண்டிருக்கிறேன். கையெழுத்து மட்டும்தான் அவர் போட வேண்டும்.