கிரியா ஊக்கி விலகி நிற்பதில்லை

'தான் வினையில் ஈடுபடாமல், வினையின் வேகத்தை மட்டும் மாற்றும் பொருள் கிரியா ஊக்கி' என்று மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பதைக் கேட்கலாம். இவ்விலக்கணத்தின் முற்பாதி பிழையானது. வினை முடிந்தபின் அப்பொருள் பழைய வடிவில் மீள்கிறது என்பது ஒன்று. வினையில் அது கலந்துகொள்வதே இல்லை என்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் விளையும் குழப்பம் சிறிதன்று.

ஈய அறைகளில் கந்தக அமிலம் தயாரித்த பழைய முறையில் நைட்ரிக் ஆக்ஸைடு கிரியா ஊக்கியாகப் பயன்பட்டது. அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று நைட்ரஜன் டையாக்ஸைடாகிறது. அந்த ஆக்ஸிஜனைக் கந்தக டையாக்ஸைடிடம் ஒப்படைத்துவிட்டு மீண்டும் நைட்ரிக் ஆக்ஸைடாகிறது. கிளெமான், தெசோர்ம் என்னும் பிரெஞ்சு ரசாயனிகள் 1806-லேயே இதனை எடுத்துக் காட்டினர். இந்நிகழ்ச்சிக்கு பெர்சீலியஸ் பெயர் சூட்டியது அதற்குச் சுமார் முப்பது ஆண்டுகள் கழித்தே.

அம்மோனியாத் தயாரிப்பில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகப் புலப்படும். நைட்ரஜன் மூலக்கூறின் இரு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகியுள்ளன. 28 கிராம் நைட்ரஜனை அணுக்களாகப் பிரிக்க ஏறத்தாழ 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். இரும்பு இம்மலையைத் தகர்ப்பதில்லை. கணவாய் ஒன்றைக் காட்டுகிறது. நைட்ரஜன் இரும்பின் மேற்பரப்பில் படிந்து, அதனுடன் பிணைந்த நிலையிலேயே அணுக்களாகப் பிரிகிறது. பிரிந்த அணுவுடன் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. மூன்று சேர்ந்ததும் அம்மோனியா இரும்பை விட்டு நீங்குகிறது. இப்படிகளை ஆராய்ந்து நிறுவிய கெர்ஹார்ட் எர்ட்ல் 2007-இல் நோபல் பரிசு பெற்றார்.

இரும்பு வினையில் ஈடுபடாதெனின், அது நஞ்சூட்டப்படுவது எங்ஙனம்? வாயுவில் சிறிதளவு கந்தகச் சேர்மம் கலந்திருப்பினும் கந்தகம் இரும்புடன் வலுவாகப் பிணைந்து, நைட்ரஜன் அமர வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். உரத் தொழிற்சாலைகளில் வாயுவைத் தூய்மை செய்யும் பகுதி பெரிதாக அமைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இலக்கணத்தை நம்பி அங்குச் செல்லும் பட்டதாரிக்கு அவ்வளவு கருவிகளும் வீண் செலவாகவே தோன்றும்.

கிரியா ஊக்கி விளைபொருளின் அளவைக் கூட்டும் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. 'ஊக்கி' என்ற சொல்லே அதற்கு ஓரளவு துணைபோகிறது போலும். முன்வினையை விரைவுபடுத்தும் இரும்பு பின்வினையையும் விரைவுபடுத்துகிறது, சமநிலை நகர்வதில்லை. ஆகவேதான் உயர் அழுத்தம் தேவைப்படுகிறது. வினைபுரியாத வாயுவைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடவும் வேண்டியிருக்கிறது.

'ஈடுபடாமல்' என்ற சொல்லைப் பாடநூல்களிலிருந்து நீக்கி, 'ஈடுபட்டு மீளும்' என்று திருத்துவது கடினமன்று. ஈய அறையின் இரு சமன்பாடுகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பின்னரே இலக்கணத்தைச் சொல்வது அதனினும் நன்று.